பழைய வட்டும் புதிய திட்டமும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரை இரண்டு வகையினராகப் பிரிக்கலாம் என்பது என் எண்ணம். முதல் வகையினர் எழுதும் நிரல் பழுதுபட்டால் அன்றைய வேலை கெடும். நிரலைத் திருத்தி மறுபடியும் ஓட்டினால் போதும். இரண்டாம் வகையினர் எழுதும் நிரல் பழுதுபட்டால் நேற்று வரை சேர்த்து வைத்ததெல்லாம் கெடும். நிரலைத் திருத்தினாலும் போனது திரும்பாது. கோப்பு முறைமை எழுதுவோர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். ஓர் ஆய்வு மாணவரின் ஐந்தாண்டு உழைப்பும், ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவும், ஒரு தாய் தன் பிள்ளைக்கு எடுத்து வைத்த படங்களும் இவர்கள் எழுதிய சில ஆயிரம் வரிகளை நம்பியே வட்டில் உறங்குகின்றன.

அப்படிப்பட்ட நிரலை வளர்க்கும் வேலையை எவ்வாறு திட்டமிடுகிறார்கள்? அதிலும், முதலாளி ஒருவர் உத்தரவிட, ஊழியர்கள் நிறைவேற்றும் ஏற்பாடு இல்லாத திறந்த மூல மென்பொருளில், உலகின் பல மூலைகளில் இருப்போர் ஒன்றுகூடித் திட்டம் வகுப்பது எங்ஙனம்? கணிப்பொறித் துறையில் பாடம் நடத்தும் எனக்கு இவ்வினாவை மாணவர்கள் பலமுறை எழுப்பியதுண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் பல கோடிப் பேர் பயன்படுத்தும் எக்ஸ்ட் குடும்பத்துக் கோப்பு முறைமைகளையும், அவற்றுக்குரிய 'லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ்' என்னும் நிரல் நூலகத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விடை கூற முயல்கிறேன்.

கோப்பு முறைமை ஒரு கிராமக் கணக்கு

வட்டு என்பது வெறும் நிலப்பரப்பு. அதைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கட்டம் 4096 பைட் கொள்ளும். கிராமத்து நிலத்தைப் புல எண்களாகப் பிரித்ததைப் போன்றது இது. ஒரு கோப்பு யாருக்கு உரியது, எவ்வளவு பெரியது, எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று கூறும் சிறு பதிவுக்கு 'ஐநோடு' என்று பெயர். அதுவே பட்டா. கோப்பின் பெயரையும் பட்டா எண்ணையும் இணைத்துக் காட்டும் பெயர்ப் பட்டியலே நாம் 'ஃபோல்டர்' என்று சொல்லுகிற அடைவு. எந்தக் கட்டம் காலி, எந்தக் கட்டம் பிடிபட்டது என்பதைக் கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் குறித்து வைத்திருப்பது 'பிட்மேப்'. இவை அனைத்துக்கும் முகப்பாக, கணக்கின் முதல் பக்கம் போல் அமைந்தது 'சூப்பர் பிளாக்' எனப்படும் தலைமைக் கட்டம். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகிய மூன்றிலும் இது பிரிவின் தொடக்கத்திலிருந்து 1024-ஆவது பைட்டில் தொடங்குகிறது.

கிராமக் கணக்கைச் சரிபார்க்க ஆண்டுதோறும் ஜமாபந்தி நடப்பதை நாம் அறிவோம். கோப்பு முறைமைக்கும் ஒரு ஜமாபந்தி உண்டு. 'ஈ2எஃப்எஸ்சிகே' என்னும் நிரல் அதை ஐந்து சுற்றுகளில் நடத்துகிறது. முதற்சுற்றில் ஒவ்வொரு பட்டாவையும், அதில் குறித்த கட்டங்களையும் பார்க்கிறது. ஒரே கட்டத்துக்கு இருவர் உரிமை கொண்டாடினால் அங்கேயே பிடிபடும். இரண்டாம் சுற்றில் அடைவுகளின் உள்ளமைப்பையும், மூன்றாம் சுற்றில் ஒவ்வோர் அடைவும் தலைமை அடைவோடு தொடர்புடையதா என்பதையும் ஆராய்கிறது. நான்காம் சுற்றில் ஒரு பட்டாவை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை சரிபார்க்கப்படும். ஐந்தாம் சுற்றில் பிட்மேப்புகளும் மொத்தக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படும்.

நூலகம் எதற்கு?

கோப்பு முறைமையை அன்றாடம் இயக்குவது லினக்ஸின் கெர்னல். ஆயினும் வட்டைப் புதிதாக வகுப்பது, பழுது பார்ப்பது, அளவை மாற்றுவது, உள்ளே திறந்து பார்ப்பது ஆகிய வேலைகளைக் கெர்னலுக்கு வெளியே இருக்கும் கருவிகளே செய்கின்றன. இக்கருவிகள் ஒவ்வொன்றும் ஐநோடைப் படிக்கவும் பிட்மேப்பைத் திருத்தவும் தனித்தனியே நிரல் வைத்திருந்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபட்டுப் போகும். ஒரே கணக்கை ஐந்து எழுத்தர் ஐந்து விதமாக எழுதிய கதையாகிவிடும். எனவே பொதுவான பணிகளை ஒரே இடத்தில் தொகுத்தனர். அத்தொகுப்பே லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ். 'ஈ2எஃப்எஸ்பிராக்ஸ்' என்னும் கருவித் தொகுதியின் ஒரு பகுதியாக இது வெளிவருகிறது. நீண்ட காலமாக இதைப் பராமரித்து வருபவர் தியடோர் ட்சோ.

இந்த நூலகத்தின் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. வட்டுகளைக் காப்புப்படி எடுக்கும் 'டம்ப்' போன்ற, இத்தொகுதிக்கு வெளியே பிறர் எழுதிய நிரல்களும் இதைப் பயன்படுத்துகின்றன. இந்தச் செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நூலகத்தை மாற்றுவோருக்குத் தம் நூலகத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது முழுமையாகத் தெரியாது. முகம் அறியாதவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய நிலை அவர்களுடையது.

வளர்ந்த வரலாறு

லினக்ஸ் தொடக்கத்தில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கோப்பு முறைமையையே கடன் வாங்கியிருந்தது. அதில் ஒரு வட்டுப் பிரிவு 64 மெகாபைட்டுக்கு மேல் இருக்க முடியாது. கோப்பின் பெயர் 14 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. இக்குறைகளை நீக்க 1992 ஏப்ரலில் ரெமி கார்ட் என்பவர் எக்ஸ்ட் என்னும் முதல் முறைமையை வெளியிட்டார். 1993 ஜனவரியில் எக்ஸ்ட்2 வந்தது. மின்சாரம் திடீரென நின்றால் ஜமாபந்தி முழுவதையும் நடத்தாமலே மீள்வதற்காக, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் 'ஜர்னல்' என்னும் குறிப்பேட்டை ஸ்டீபன் ட்வீடி சேர்த்தார். அதுவே எக்ஸ்ட்3. 2001 நவம்பரில் அது கெர்னலின் 2.4.15 பதிப்பில் இடம்பெற்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். எக்ஸ்ட்2 வட்டை எக்ஸ்ட்3 ஆக்குவதற்கு வட்டை அழித்து மறுபடி வகுக்க வேண்டியதில்லை. ஒரு கட்டளையால் குறிப்பேட்டைச் சேர்த்தால் போதும். முறையாக நிறுத்தப்பட்ட எக்ஸ்ட்3 வட்டைப் பழைய எக்ஸ்ட்2 நிரலும் திறந்து பயன்படுத்தலாம். புதியது பிறந்தபோது பழையதைக் கொல்லவில்லை. இந்த நல்ல வழக்கம் தற்செயலாக வந்ததன்று. இதற்கான ஏற்பாடு தலைமைக் கட்டத்திலேயே திட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தது.

மூன்று வரிசைக் கொடிகள்

தலைமைக் கட்டத்தில் 32 பிட் கொண்ட மூன்று வரிசைகள் உண்டு. புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும்போது அதற்கென ஒரு பிட்டை இம்மூன்றில் ஏதேனும் ஒரு வரிசையில் ஒதுக்குவர். எந்த வரிசையில் ஒதுக்குவது என்பதே திட்டமிடலின் உயிர்நாடி.

முதல் வரிசையிலுள்ள வசதி தெரியாத பழைய கெர்னல், அதைப் பொருட்படுத்தாமல் வட்டில் படிக்கவும் எழுதவும் செய்யலாம். ஜர்னல் இருக்கிறது என்னும் குறி இவ்வகை. இரண்டாம் வரிசையிலுள்ள வசதி தெரியாவிட்டால் படிக்கலாம், எழுதக்கூடாது. 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு இருக்கிறது என்னும் குறி இத்தகையது. மூன்றாம் வரிசையிலுள்ள வசதி தெரியாவிட்டால் வட்டைத் தொடவே கூடாது. கட்டங்களைக் குறிக்கும் முறையே மாறிவிட்டால் பழைய நிரல் தவறான இடத்தைப் படித்துத் தவறான இடத்தில் எழுதிவிடும். ஆகவே அது திறக்க மறுப்பதே நன்று.

பழுது பார்க்கும் கருவிக்கு இன்னும் கடுமையான விதி. இந்த வரிசைகளில் தனக்குத் தெரியாத பிட் ஒன்றைக் கண்டால், கெர்னல் பொருட்படுத்தாமல் விடக்கூடிய முதல் வரிசையாயினும், அது வேலையை நிறுத்திவிட வேண்டும். புரியாத கணக்கைத் திருத்தப் புகுந்தவன் சரியாக இருப்பதையும் கெடுப்பான் அல்லவா!

எங்கள் துறையின் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. பழைய பென்டிரைவ் ஒன்றை எக்ஸ்ட்4 ஆக வகுத்து, 1024-ஆவது பைட்டிலிருந்து படித்து, இந்த மூன்று வரிசைகளையும் அச்சிடும் சிறு நிரலை சி மொழியில் எழுதச் சொல்வேன். ஐம்பது வரிகளுக்குள் அடங்கும் வேலை. மூன்றாம் வரிசையின் முதல் பிட்டைக் காட்டி, "ஐயா, இது எதற்கு?" என்று எவரேனும் கேட்காமல் இருப்பதில்லை. அது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் வசதிக்காக ஒதுக்கப்பட்டது. அவ்வசதி லினக்ஸின் முதன்மைக் கெர்னலில் எக்ஸ்ட் குடும்பத்துக்குச் சேரவே இல்லை. திட்டமிட்டதெல்லாம் நிறைவேறுவதில்லை என்பதற்கு அந்த ஒற்றைப் பிட் சாட்சியாக இருக்கிறது. ஆயினும் அந்த இடத்தை வேறு எதற்கும் கொடுத்துவிடவில்லை. ஒருமுறை ஒதுக்கியதற்கு இரண்டு பொருள் வந்துவிடக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு.

2006-ஆம் ஆண்டுத் தகராறு

எக்ஸ்ட்3 கட்டங்களுக்கு 32 பிட் எண் இட்டது. 32 பிட்டில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 கட்டங்களை எண்ணலாம். கட்டம் ஒன்றுக்கு 4096 பைட் என்றால் 16 டெராபைட். 1993-இல் இது எட்டாத வானம். 2006-இலோ பெரிய நிறுவனங்களின் வட்டடுக்குகள் அந்த எல்லையை முட்டிக்கொண்டிருந்தன.

மற்றொரு குறையும் உண்டு. பழைய முறையில் ஐநோடில் 15 சுட்டிகளே இருந்தன. முதல் 12 சுட்டிகள் நேராகக் கட்டங்களைக் காட்டும். மீதி மூன்றும் சுட்டிகள் நிறைந்த வேறு கட்டங்களைக் காட்டும். 100 மெகாபைட் கோப்பு ஒன்றுக்கு 25,600 கட்டங்களை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். "இந்த எண்ணிலிருந்து தொடர்ச்சியாக இத்தனை கட்டம்" என்று ஒரே வரியில் எழுதினால் எவ்வளவு சுருக்கம்! இதற்கு 'எக்ஸ்டென்ட்' என்று பெயர். ஓர் எக்ஸ்டென்ட் 32,768 கட்டங்கள் வரை, அஃதாவது 128 மெகாபைட் வரை குறிக்கும். பழைய 15 சுட்டிகள் பிடித்திருந்த அதே 60 பைட்டில் நான்கு எக்ஸ்டென்ட்டுகளும் ஒரு தலைப்பும் அடங்கிவிடுகின்றன.

லஸ்டர் என்னும் பெருங்கணிப்பொறிக் கோப்பு முறைமைக்காகக் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தார் இத்தகைய மாற்றங்கள் பலவற்றை முன்னரே உருவாக்கியிருந்தனர். அவற்றை எக்ஸ்ட்3-இல் சேர்க்க வேண்டும் என்று கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் லினஸ் டோர்வால்ட்ஸும் ஒருவர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சேர்க்க விரும்பியோர், ஒரே நிரலாக இருந்தால் திருத்தங்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்றனர். மறுத்தோர், உலகமே நம்பியிருக்கும் நிரலில் சோதனை செய்வது முறையா என்றனர். ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தின் சக்கரத்தை மாற்றுவது போன்ற செயல் என்று நாம் சொல்லலாம்.

2006 ஜூன் 28-இல் தியடோர் ட்சோ ஒரு திட்டத்தை அறிவித்தார். எக்ஸ்ட்3-இன் மூலநிரலைப் படியெடுத்துத் தனியே வைப்பது. புதிய வேலைகளை அப்படியில் மட்டும் செய்வது. எக்ஸ்ட்3-இல் பிழைத் திருத்தம் தவிர வேறெதுவும் செய்யாதிருப்பது. 2006 நவம்பரில் வெளியான கெர்னல் 2.6.19-இல் அது 'எக்ஸ்ட்4டெவ்' என்னும் பெயரோடு நுழைந்தது. பெயரிலேயே எச்சரிக்கை! அதோடு நிற்கவில்லை. சோதனை நிரலுக்கு ஆட்படச் சம்மதம் என்று வட்டிலேயே ஒரு குறி இட்டிருந்தாலன்றி அதைத் திறக்க மறுக்கும் ஏற்பாடும் பிறகு சேர்ந்தது. விவரமறியாதவர் தம் வட்டைப் பலி கொடுத்துவிடக்கூடாது என்ற கருணை அதில் தெரிகிறது.

அடுத்த ஆண்டு, 2007-இல், கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில், ஐ.பி.எம்., கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்ஸ், புல் ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்த ஆறு பேர் எக்ஸ்ட்4-இன் அன்றைய நிலையையும் எதிர்காலத் திட்டத்தையும் விளக்கி ஒரு கட்டுரை வாசித்தனர். ஆறு பேருக்கும் ஒரே முதலாளி இல்லை. ஆனால் திட்டம் ஒன்றே. அது ஊரறிய எழுதி வைக்கப்பட்டிருந்தது. 2008 டிசம்பர் 25-இல் வந்த கெர்னல் 2.6.28-இல் 'டெவ்' என்னும் வால் நீங்கி, எக்ஸ்ட்4 முழுமை பெற்றது.

நூலகம் பட்ட பாடு

கெர்னலின் கதையை எழுதுவோர் பலர். நூலகத்தின் கதையை எழுதுவோர் குறைவு. உண்மையான பொறுமை வேண்டியிருந்தது நூலகத்தில்தான்.

எக்ஸ்ட்4-இன் அமைப்பு கட்டங்களுக்கு 48 பிட் எண்ணை அனுமதிக்கிறது. கணக்குப்படி 1 எக்ஸாபைட், அஃதாவது பத்து லட்சம் டெராபைட்டுக்கும் மேல். எக்ஸ்ட்4-இன் வசதிகளை அறிந்த ஈ2எஃப்எஸ்பிராக்ஸின் முதல் பதிப்பான 1.41, 2008 ஜூலையில் வந்தது. ஆனால் 16 டெராபைட்டைத் தாண்டும் வட்டைக் கையாளும் ஆற்றல் 2011 நவம்பரில் வெளியான 1.42-இல்தான் கிட்டியது. இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல்! ஏன் இந்தத் தாமதம்?

நூலகத்தின் பழைய சார்புகள் யாவும் கட்ட எண்ணை 32 பிட் என்றே எதிர்பார்த்தன. அதை 64 பிட் என்று ஒரே நாளில் மாற்றியிருக்கலாம். மாற்றினால் நூலகத்தை நம்பியிருந்த வெளி நிரல்கள் அனைத்தும் அன்றே பாழாகும். சில, இயங்கவே மறுக்கும், அதுவாவது தேவலை. சில, இயங்குவதுபோல் இயங்கித் தவறான கட்டத்தில் எழுதும். இந்த இரண்டாவதே அவர்கள் அஞ்சியது.

எனவே வேறு வழியை மேற்கொண்டனர். பழைய சார்புகளை அப்படியே விட்டு, அவற்றின் பக்கத்திலேயே பெயரின் இறுதியில் 2 என்னும் எண்ணைச் சேர்த்து, 64 பிட் எண்ணை ஏற்கும் புதிய சார்புகளை எழுதினர். பழைய நிரல் பழைய சார்பை அழைக்கும். புதிய நிரல் புதியதை அழைக்கும். வட்டைத் திறக்கும்போது, "எனக்கு 64 பிட் முறை தெரியும்" என்று அழைக்கும் நிரல் ஒரு கொடி காட்ட வேண்டும். கொடி காட்டாத பழைய நிரல் 16 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டைத் திறக்க முயன்றால், நூலகம் பிழைச் செய்தி தந்து மறுத்துவிடும். ஒரு பைட்டும் கெடாது.

பிறகு நினைவகச் சிக்கல். 16 டெராபைட் வட்டுக்கு ஒரு பிட்மேப் மட்டும் 512 மெகாபைட் நினைவகம் கேட்கும். பழுது பார்க்கும்போது இத்தகைய பிட்மேப்புகள் ஒன்றல்ல, பல வேண்டும். வட்டு இன்னும் பெருத்தால் கணிப்பொறி தாங்காது. பிட்மேப்பில் பெரும்பகுதி ஒரேயடியாகக் காலியாகவோ நிரம்பியோ இருப்பது வழக்கம். ஆகவே பிட் பிட்டாக வைக்காமல், "இங்கிருந்து இதுவரை நிரம்பியது" என்று தொடர்களாக்கி, 'சிவப்பு-கறுப்பு மரம்' என்னும் தரவமைப்பில் வைக்கும் முறையை 1.42-இல் சேர்த்தனர். தரவமைப்புப் பாடத்தில் இம்மரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, "இது எங்கே பயன்படப் போகிறது?" என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அந்த நூலகக் கோப்பின் பதிப்பு எண் இன்றும் 2 என்றே இருக்கிறது. அந்த எண் மாறினால் பழைய நிரல்கள் புதிய நூலகத்தோடு பொருந்தா என்று பொருள். மாறவில்லை என்பதே அவர்கள் காப்பாற்றிய வாக்கு.

எது முதலில், எது பின்னர்?

இவ்வேலைகளிலிருந்து சில விதிகளை நாம் தொகுத்துக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும் கருவி முன்னே செல்ல வேண்டும்; புதிய வசதி பின்னே வர வேண்டும். வைத்தியரைத் தயார் செய்யாமல் நோய்க்கு வழி திறப்பது அறிவுடைமையன்று. புதிய வசதி கொண்ட வட்டு மக்கள் கைக்குப் போவதற்குள், அது சிதைந்தால் சீர்படுத்தும் திறன் நூலகத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது சோதனை. ஈ2எஃப்எஸ்பிராக்ஸின் மூலநிரலோடு நூற்றுக்கணக்கான சிறு வட்டுப் பிரதிகள் சேர்த்தே வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் பழுதானது. ஒன்றில் ஐநோடு கெட்டிருக்கும். ஒன்றில் அடைவு தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும். பழுது பார்க்கும் கருவியை ஒவ்வொன்றின் மீதும் இரண்டு முறை ஓட்டுகிறார்கள். முதல் ஓட்டத்தில் எதிர்பார்த்த பிழைகளையே கண்டு திருத்த வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் ஒன்றும் மீதியிருக்கக் கூடாது. இரண்டாவது முறையும் பிழை தென்பட்டால், முதல் முறை திருத்தியது திருத்தமன்று. பயனர் எவரேனும் புதுவிதப் பழுதைத் தெரிவித்தால் அதற்கும் ஒரு பிரதி உருவாகிப் பட்டியலில் சேரும். ஒருமுறை கண்ட பிழை மறுமுறை அறியாமல் நுழைய முடியாது.

மூன்றாவது, பராமரிப்பையும் வளர்ச்சியையும் பிரித்தல். பிழைத் திருத்தங்களுக்கு ஒரு கிளை, புதிய வசதிகளுக்கு வேறொரு கிளை. அவசரத் திருத்தம் தேவைப்படுவோர் பாதி வெந்த புதுமையையும் சேர்த்து விழுங்கும் கட்டாயம் அவர்களுக்கு நேராது.

திட்டத்துக்கு அப்பாற்பட்டது

எவ்வளவு திட்டமிட்டாலும் எதிர்பாராதது வரும். எக்ஸ்ட்4-இல் 'தாமத ஒதுக்கீடு' என்று ஒரு சிறப்பு உண்டு. எழுதச் சொன்னவுடன் கட்டம் ஒதுக்காமல், சற்றுப் பொறுத்து, மொத்தமாகத் தொடர்ச்சியான கட்டங்களை ஒதுக்குவது. வேகம் கூடும், சிதறல் குறையும். ஆனால் 2009-இன் தொடக்கத்தில், திடீரென இயந்திரம் நின்றுபோன பின் தம் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டாகிக் கிடப்பதாகப் பயனர் சிலர் முறையிட்டனர்.

காரணம் இதுதான். எக்ஸ்ட்3, வழக்கமான அமைப்பில், ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை தரவை வட்டில் சேர்த்துவிடும். அந்தப் பழக்கத்தை நம்பிய நிரலாளர்கள், "வட்டில் உறுதியாக எழுது" என்று கட்டளையிடும் 'எஃப்சிங்க்' அழைப்பை விட்டுவிட்டனர். எக்ஸ்ட்4-இலோ காத்திருக்கும் நேரம் நீண்டது. விதிநூலின்படி பார்த்தால் குற்றம் அந்நிரல்களுடையது. தியடோர் ட்சோ அதை விளக்கவும் செய்தார். ஆனால் விளக்கத்தோடு நிற்காமல், பழைய கோப்புக்குப் பதிலாகப் புதியதை வைக்கும் சூழலைக் கண்டுகொண்டு உடனே கட்டம் ஒதுக்கும் திருத்தத்தைக் கெர்னல் 2.6.30-இல் சேர்த்தார். இதில் எனக்கு ஒரு பெரிய பாடம் தெரிகிறது. விதி நம் பக்கம் இருப்பது ஒன்று. பயனரின் கோப்பு பிழைத்திருப்பது வேறொன்று. இரண்டாவதற்காக முதலாவதைச் சற்றே விட்டுக்கொடுப்பவரே நல்ல நிரலாளர்.

தொலைநோக்குக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய ஐநோடில் நேரம் 32 பிட்டில் குறிக்கப்பட்டதால் 2038 ஜனவரி 19-ஆம் நாள் அதன் கணக்கு முடிந்துவிடும். எக்ஸ்ட்4-இன் 256 பைட் ஐநோடில் கூடுதலாக 32 பிட் வைத்து, அதில் 30 பிட்டை நானோ விநாடிக்கும் மீதி இரண்டு பிட்டை ஆண்டுக்கும் கொடுத்தனர். அந்த இரண்டே பிட்டால் கணக்கு 2446-ஆம் ஆண்டு வரை நீண்டுவிட்டது. மிச்சமான இடத்தையும் வீணாக்காத இல்லத்தரசியின் சிக்கனம் இது!

2015-இல், கெர்னல் 4.3-இல், எக்ஸ்ட்3-க்குரிய தனி நிரல் நீக்கப்பட்டது. எக்ஸ்ட்3 வட்டு வைத்திருந்தோர் ஒன்றும் இழக்கவில்லை. எக்ஸ்ட்4 நிரலே அவற்றையும் திறக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தனியே பிரிந்த பிள்ளை, முதுமையில் பெற்றோரின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது எனலாம்.

நமக்கு என்ன?

நம் மாணவர்கள் இறுதியாண்டில் திட்டப்பணி செய்கிறார்கள். பெரும்பாலான திட்டப்பணிகள் வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் மறக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே நூலக மேலாண்மையை, அதே மாணவர் வருகைப் பதிவை முதலிலிருந்து எழுதுகிறார். முன்னவர் சேர்த்த தரவைப் பின்னவர் நிரல் படிப்பதில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. நமக்குப் பின் ஒருவர் வருவார் என்ற எண்ணம் இல்லாததே காரணம்.

ஆகவே, திட்டப்பணி தொடங்கும் மாணவர் எவரும் நான்கு கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதிப் பார்க்கட்டும். என் நிரல் எழுதும் தரவின் முதல் பக்கத்தில் பதிப்பு எண் உண்டா? நாளை ஒரு வசதி சேர்ந்தால் இன்றைய நிரல் அதைக் கண்டு என்ன செய்யும்: படிக்குமா, எழுதுமா, விலகி நிற்குமா? பாதி வேலையில் மின்சாரம் நின்றால் மீதி என்னவாகும்? கெட்ட தரவைத் திருத்தும் வழியை நான் முதலில் எழுதினேனா, கடைசியில் எழுதினேனா?

இவற்றுக்கு விடை எழுதப் பெரிய இயந்திரம் வேண்டாம். பெருநகரத்துக் கல்லூரியும் வேண்டாம். விருப்பமுள்ளோர் ஈ2எஃப்எஸ்பிராக்ஸின் மூலநிரலை இறக்கி, அதன் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்க்கலாம். நம் ஆய்வகத்திலுள்ள பழைய கணிப்பொறியே அதற்குப் போதும். ஒரு பழுதான வட்டுப் பிரதியை எடுத்து, கருவி ஏன் அதைப் பழுது என்கிறது என்று மூலநிரலில் தேடிக் கண்டுபிடிப்பது, பத்து விரிவுரைகளுக்குச் சமம். அவ்வாறு தேடும்போது விடுபட்ட ஒரு சோதனை தென்பட்டால், அதை எழுதி அனுப்பும் உரிமை திருநெல்வேலி மாணவருக்கும் உண்டு. டோக்கியோ பொறியாளருக்கும் உண்டு. அனுப்பியவர் யார் என்று பாராமல், அனுப்பியது சரியா என்று மட்டும் பார்க்கும் சபை அது.

கட்டடம் கட்டுவோர் தாம் குடியிருக்கப் போகாத வீட்டுக்கும் உறுதியான அடித்தளம் போடுகிறார்கள். கோப்பு முறைமை எழுதுவோரும் அத்தகையோரே. தாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவரின் கோப்பு, தமக்குப் பின்னும் பிழைத்திருக்க வேண்டும் என்று எண்ணி ஒரு பிட்டுக்கு ஒரு வாரம் விவாதிக்கிறார்கள். அந்த நிதானத்தை நம் மாணவர்களும் கற்றுக்கொள்வார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.